விளையாட்டின் நடுவே கன்ட்ரோலர் கட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலரின் இணைப்பு திடீரென்று அறுந்துபோகும், சில நொடியில் தானாகவே திரும்பி வரும், வராமலும் போகும். இதைப் பற்றி நண்பர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே பதிலோடு சேர்த்திருக்கிறேன். எல்லாம் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு உரியவை. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், நான் அதிகம் கழற்றிப் பார்த்தவை அவைதான்.

அடிக்கடி கட் ஆகிறது. பேசாமல் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அசல் கன்ட்ரோலர் ஒன்றின் விலை இன்று 5,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. என்னிடம் 'செத்துப்போச்சு' என்று வந்தவற்றில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருந்தன. கேபிள், பேட்டரி செல், கணினியின் போர்ட், விண்டோஸின் மின்சேமிப்பு, இந்த நான்கில் ஒன்றுதான் பழுதாக இருந்தது. புதிய கன்ட்ரோலரையும் அதே கேபிளில், அதே போர்ட்டில் செருகினால் அதுவும் கட் ஆகும். அப்புறம் கடைக்காரரோடுதான் சண்டை.

சரி, எங்கே ஆரம்பிப்பது?

எந்த நேரத்தில் அறுகிறது என்று பாருங்கள். இதைத்தான் எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன். பலரும் இதைக் கவனிக்காமலே டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) அழிப்பது, விண்டோஸை மறுபடி போடுவது என்று இறங்கிவிடுகிறார்கள்.

கையை அசைக்கும்போது அறுந்தால் கேபிள் அல்லது சாக்கெட். கன்ட்ரோலர் அதிரும் நேரத்தில் அறுந்தால் செல் அல்லது செல்லைத் தொடும் ஸ்பிரிங். சும்மா வைத்துவிட்டுத் திரும்பி எடுக்கும்போது இறந்து கிடந்தால் மின்சேமிப்பு. நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாலோ, பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கில் பெரிய கோப்பு ஏதாவது ஏறிக்கொண்டிருந்தாலோ அறுகிறது என்றால் ரேடியோ சிக்னல். ஒரே ஒரு விளையாட்டில் மட்டும் நடக்கிறது என்றால் கன்ட்ரோலரைத் தொடவே வேண்டாம், கோளாறு மென்பொருளில் இருக்கிறது.

ஒரு நாள் மாலை ஒரு தாளை வைத்துக்கொண்டு, கட் ஆகும் ஒவ்வொரு முறையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நாலைந்து வரி சேர்ந்ததுமே காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

விளையாட்டுக்கு வெளியே கன்ட்ரோலரைச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். இணைந்திருக்கும் கன்ட்ரோலர்களின் பட்டியல் திறக்கும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால், பட்டனை அழுத்த அழுத்த விளக்கு எரிவதையும், ஸ்டிக்கை நகர்த்தினால் கூட்டல் குறி ஓடுவதையும் பார்க்கலாம்.

அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டிக்கை ஒரு பக்கமாகப் பிடித்திருங்கள். மறு கையால் கேபிளை, கன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். கூட்டல் குறி துள்ளி நடுவுக்கு வந்தாலோ, பட்டியலிலிருந்து பெயரே மறைந்தாலோ பழுது அங்கேதான். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கேபிளில் இணைந்த கருவி கழன்றால் விண்டோஸ் ஒரு ஒலி எழுப்பும், திரும்பச் சேர்ந்தால் இன்னொன்று. விளையாட்டு 'கன்ட்ரோலர் இல்லை' என்று சொல்லும்போது அந்த ஒலி கேட்கவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கேபிள் புதியது. சார்ஜும் ஏறுகிறது. அது எப்படிப் பழுதாக இருக்கும்?

சார்ஜ் ஏறுவது வேறு, தகவல் போவது வேறு. சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜிங் கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பிகளே இருக்காது. பவர் பேங்க் பெட்டிக்குள் சுருட்டி வைத்துத் தரும் ஒரு சாண் கேபிளில் இதை நிறையப் பார்க்கலாம். அதைச் செருகினால் கன்ட்ரோலரின் விளக்கு எரியும், கணினிக்கு எதுவுமே தெரியாது.

இன்னும் தொல்லை தருவது, நான்கு கம்பியும் இருந்து, ஒன்று உள்ளே பாதி முறிந்த கேபிள். வளைத்த கோணத்தைப் பொறுத்து வேலை செய்யும், செய்யாது. எனக்கே இது நடந்தது. மேலே துணி பின்னிய அழகான கேபிள், வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. இரண்டு நாள் டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் போனோடு வந்த பழைய வெள்ளைக் கேபிளை மாட்டினேன். அதோடு தொல்லை தீர்ந்தது.

சோதிக்க எளிய வழி: அதே கேபிளால் போனைக் கணினியில் இணைத்து, போனில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுத்து, நூறு படங்களை நகலெடுத்துப் பாருங்கள். கேபிளை அசைத்துக்கொண்டே செய்யுங்கள். நடுவில் நிற்காமல் முடிந்தால் கேபிள் நல்லது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான, பெயர் தெரியாத கேபிளைக் கன்ட்ரோலருக்கு நான் பயன்படுத்துவதில்லை.

கேபிள் நன்றாக இருக்கிறது. ஆனால் கன்ட்ரோலர் பக்கம் லூஸாக ஆடுகிறது.

போனின் டார்ச்சை அடித்துச் சாக்கெட்டுக்குள் பாருங்கள். பைக்குள் போட்டு எடுத்துப்போகும் கன்ட்ரோலர் என்றால், துணிப் பிசிறும் தூசியும் சேர்ந்து ஆழத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை மாதிரி படிந்திருக்கும். ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகும்போதும் அது இன்னும் இறுகுகிறது. பிளக் முழுதாக உள்ளே போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும். பார்வைக்குச் செருகின மாதிரிதான் இருக்கும், லேசாக இழுத்தால் விட்டுவிடும்.

கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, மரத்தில் செய்த பல்குச்சியின் நுனியை இன்னும் மெல்லியதாகச் சீவி, ஓரமாக விட்டுக் கிளறி எடுங்கள். டைப்-சி சாக்கெட்டின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதன் மேல் அழுத்த வேண்டாம். ஊசியும் சேஃப்டி பின்னும் கூடவே கூடாது. வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

சுத்தம் செய்த பிறகும் ஆடினால் சாக்கெட்டே தேய்ந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் உள்ள மைக்ரோ யூஎஸ்பியில் இது சகஜம். போன் பழுதுபார்க்கும் கடையில் சாக்கெட்டை மாற்றித் தருவார்கள், புதிது வாங்குவதைவிட எவ்வளவோ குறைவான செலவு.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் அதிரும்போதெல்லாம் அணைந்துபோகிறது. ஏன்?

அதிர்வை உண்டாக்கும் மோட்டார்கள் சட்டென்று அதிக மின்சாரத்தை இழுக்கும். செல் தளர்ந்திருந்தால் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து கன்ட்ரோலர் அணைந்துவிடும். பந்தய விளையாட்டில் சுவரில் மோதும்போது மட்டும் கட் ஆகிறது என்று ஒரு பையன் சொன்னான். அது இதுதான்.

இரண்டு டபுள் ஏ செல்களையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று பழையது ஒன்று புதியது என்று கலக்க வேண்டாம். ரீசார்ஜ் செய்யும் செல் ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் செல்லுக்கு 1.5. அதனால் கன்ட்ரோலர் காட்டும் பேட்டரி அளவு ரீசார்ஜ் செல்லில் சரியாக இருக்காது, முன்னறிவிப்பு இல்லாமல் அணையும். ஓரளவு நல்ல ரீசார்ஜ் செல் என்றால் மற்றபடி பிரச்சினை இல்லை, நானும் அதைத்தான் போடுகிறேன்.

செல் புதியதாக இருந்தும் நடக்கிறதா? பின்மூடியைக் கழற்றி உலோகத் தகட்டையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். கன்ட்ரோலர் கீழே விழுந்திருந்தால் ஸ்பிரிங் அமுங்கிச் செல்லைச் சரியாகத் தொடாது. குலுக்கினால் 'டொக் டொக்' என்று செல் உள்ளே ஆடும் ஓசை கேட்கும். காகிதத் துண்டு ஒன்றை நாலாக மடித்து, செல்லின் முதுகுக்கும் மூடிக்கும் நடுவே வைத்து மூடுங்கள். பலருக்கு இவ்வளவிலேயே சரியாகிவிட்டது. தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. அது காரத்தன்மை உள்ள பொருள், வெறும் விரலால் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செல்லைப் போடுங்கள்.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் செல் மாற்ற வழியில்லையே?

உள்ளே லித்தியம் பேட்டரி. பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-இல் 1,000 மில்லியாம்பியர் மணி, பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸில் 1,560. சில ஆண்டு ஆனால் கொள்ளளவு குறைந்து, முழுதாகச் சார்ஜ் ஆனதாகக் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் கைவிடும். கேபிளோடு விளையாடினால் ஒழுங்காக வேலை செய்து, கேபிள் இல்லாவிட்டால் மட்டும் சீக்கிரம் அணைகிறது என்றால் பேட்டரிதான் வயதாகிவிட்டது. மாற்றிக்கொள்ளலாம். திறக்கும்போது பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, அதைத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது.

கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்தால் இணைப்பு போயிருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் கேபிள் இல்லாமல் 15 நிமிடம் சும்மா இருந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அது அதன் இயல்பு, பழுது கிடையாது. விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் மென்பொருளான ஸ்டீமிலும், பயன்படுத்தாத கன்ட்ரோலரை இத்தனை நிமிடத்தில் அணை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கன்ட்ரோலர் பகுதியில் பார்த்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடம்கூட ஆகாமல், அதுவும் கேபிளில் இருக்கும்போதே போகிறது என்றால் விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. லேப்டாப்பில் இது ரொம்பவே நடக்கும். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். அடியில் 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' என்பதை விரித்தால் 'யூஎஸ்பி ரூட் ஹப்' என்று ஒன்றோ பலவோ இருக்கும். ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலுக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கக் கணினியை அனுமதி என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். புளூடூத்தில் விளையாடுபவர்கள் புளூடூத் அடாப்டருக்கும் இதையே செய்ய வேண்டும்.

அடுத்து கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', அங்கே அட்வான்ஸ்டு அமைப்புகளில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'. இதை 'டிசேபிள்டு' ஆக்குங்கள். சில புது லேப்டாப்களில் இந்தத் தாவலும் வரியும் தென்படாது. அவற்றில் சார்ஜரைச் செருகி, பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள்.

புளூடூத்தில் இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலே அறுகிறது. புளூடூத் பத்து மீட்டர் வரை போகும் என்கிறார்களே?

திறந்த வெளியில் போகும். வீட்டுக்குள் நிலைமை வேறு. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பழைய வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே அதே இடத்தில் நெருக்கியடிக்கின்றன. நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலையை உறிஞ்சும். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் கணினி இருந்தால் நடுவில் நிற்பது உங்கள் தொடைதான்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றை உடனே பாருங்கள். மதர்போர்டிலேயே வைஃபையும் புளூடூத்தும் இருந்தால், கேபினெட்டின் முதுகில் பொன்னிறத்தில் இரண்டு சின்ன திருகு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஆன்டெனா மாட்ட வேண்டிய இடம் அது. நெட்டுக்கு லேன் கேபிள் போட்டுக்கொண்டதால் பலர் அந்த ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதைத் தேடி எடுத்துத் திருகி மாட்டி, மேசையின் மேல் வையுங்கள். ஓரடிக்கு மேல் பிடிக்காத கன்ட்ரோலர் அறையின் மறு கோடியிலிருந்து வேலை செய்ததை நானே பார்த்திருக்கிறேன். பெட்டி தொலைந்திருந்தால், மதர்போர்டு மாடலைக் குறித்துக்கொண்டு, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேளுங்கள், ஆன்டெனா தனியாகவே விற்கிறார்கள்.

புளூடூத்துக்கு யூஎஸ்பி டாங்கிள் (சாக்கெட்டில் செருகும் சின்ன ரிசீவர்) என்றால் அதைக் கேபினெட்டின் பின்னால் செருகாதீர்கள். பின்னால் சுவர், முன்னால் இரும்புப் பெட்டி, சிக்னல் எங்கே போகும்? ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, கன்ட்ரோலருக்கு நேராகத் தெரிகிற மாதிரி மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை இணைத்தால் கன்ட்ரோலர் கட் ஆகிறது என்கிறேன், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

நான் நம்புகிறேன். யூஎஸ்பி 3.0 கேபிளும் சாக்கெட்டும் தகவலை விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் அனுப்பும்போது, சுற்றிலும் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடிக்கொள்கிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நீல நிற யூஎஸ்பி 3.0 சாக்கெட்டில் ஹார்ட் டிஸ்க், ஒட்டியே பக்கத்தில் புளூடூத் டாங்கிள் என்று இருந்தால் டாங்கிளுக்குக் காது அடைத்த மாதிரிதான்.

டாங்கிளை ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். டாங்கிளை யூஎஸ்பி 2.0 சாக்கெட்டுக்கு மாற்றிக்கொண்டாலும் நல்லது. வைஃபை ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதில் சேருங்கள். லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில், ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்து இயங்குகின்றன. பெரிய விளையாட்டை இறக்கிக்கொண்டே விளையாடும்போது கன்ட்ரோலர் திணறுவது இதனால்தான்.

என் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் புளூடூத்தில் தெரியவே இல்லை.

2013-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரிலும் 2015-இல் வந்ததிலும் புளூடூத்தே கிடையாது. 2016-இல் வந்த 1708 மாடலிலிருந்துதான் உண்டு. செல் போடும் குழிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண் இருக்கும். 1537, 1697 என்றால் கேபிள் அல்லது மைக்ரோசாஃப்ட்டின் தனி வயர்லெஸ் அடாப்டர்தான் வழி. எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பார்த்தும் சொல்லலாம். மேலே தோள் பட்டன்களோடு சேர்ந்த பளபளப்பான துண்டாக இருந்தால் புளூடூத் இல்லை. முகத்தோடு ஒன்றாகச் சேர்ந்திருந்தால் உண்டு.

முன்பு நன்றாக இணைந்தது. இப்போது விளக்கு மினுக்கிவிட்டு அணைகிறது.

நடுவில் வேறு கருவியோடு சேர்த்தீர்களா? கன்ட்ரோலர் கடைசியாகச் சேர்ந்த கருவியைத்தான் தேடும். பக்கத்து அறையில் பிளேஸ்டேஷன் இருந்தால், நீங்கள் பட்டனை அழுத்தும்போது அது எழுந்துகொள்ளும், உங்கள் கணினி காத்துக்கொண்டிருக்கும்.

விண்டோஸின் புளூடூத் பட்டியலில் கன்ட்ரோலரை 'ரிமூவ்' செய்து, கணினியை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். எக்ஸ்பாக்ஸில் மேல்விளிம்பில் உள்ள சின்ன பட்டனை மூன்று விநாடி பிடித்தால் விளக்கு வேகமாக மினுக்கும். டூயல்ஷாக் 4-இல் ஷேர் பட்டனும் பிஎஸ் பட்டனும் சேர்த்து, டூயல்சென்ஸில் கிரியேட் பட்டனும் பிஎஸ் பட்டனும் சேர்த்து. அப்படியும் அடம்பிடித்தால் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் முதுகில் ஒரு ஊசித்துளை இருக்கும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் உள்ளே உள்ள பட்டனை ஐந்து விநாடி அழுத்திவிட்டு மறுபடி சேருங்கள்.

கன்ட்ரோலரின் மென்பொருளையும் அப்டேட் செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ்', டூயல்சென்ஸுக்கு சோனியின் 'பிளேஸ்டேஷன் ஆக்சஸரீஸ்'. கேபிளில் மாட்டிச் செய்யுங்கள், முடியும்வரை கையை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸில் கன்ட்ரோலர் ஒழுங்காகத் தெரிகிறது. விளையாட்டு மட்டும் 'இணைப்பு இல்லை' என்கிறது.

அநேகமாக இரண்டு மென்பொருள்கள் ஒரே கன்ட்ரோலரைப் பிடித்து இழுக்கின்றன. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் மாதிரி காட்டுவதற்கு 'டிஎஸ்4விண்டோஸ்' போட்டிருப்பீர்கள். ஸ்டீமும் அதே வேலையைத் தன் பங்குக்குச் செய்யும். விளையாட்டுக்கு இரண்டு கன்ட்ரோலர் தெரியும். ஒன்று விலகினால் 'கன்ட்ரோலர் போய்விட்டது' என்று நின்றுவிடும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் விளையாடுபவர்களுக்கு ஸ்டீமே போதும் என்பது என் கருத்து.

பழைய விளையாட்டுகள் சில, தொடங்கும்போது மட்டும்தான் கன்ட்ரோலரைத் தேடும். நடுவில் ஒரு நொடி விட்டாலும் மறுபடி கண்டுகொள்ளாது. அவற்றுக்கு விளையாட்டை மூடித் திறப்பதைத் தவிர வழியில்லை.

லாஜிடெக் எஃப்310 வைத்திருக்கிறேன். பட்டன்கள் திடீரென்று மாறிவிடுகின்றன, சில விளையாட்டில் வேலையே செய்வதில்லை.

முதுகில் எக்ஸ், டி என்று இரண்டு நிலை உள்ள சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, எக்ஸில் வையுங்கள். விளையாடும்போது விரல் பட்டு அது நகர்ந்தால் கணினிக்கு ஒரு கருவி போய் இன்னொன்று வந்த மாதிரி இருக்கும். நான் அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன்.

எல்லாம் செய்து பார்த்தேன். இன்னும் கட் ஆகிறது.

கன்ட்ரோலரை நண்பர் வீட்டுக் கணினியில், அவருடைய கேபிளில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் கணினியில்தான் கோளாறு. கேபினெட்டின் முன்பக்க சாக்கெட்டை விட்டு, பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள சாக்கெட்டில் செருகுங்கள். முன்பக்கத்துக்குப் போகும் உள்கேபிள் பல கேபினெட்டுகளில் தரம் குறைந்தது. ஒரு சாக்கெட்டைப் பலவாக்கும், மின்சாரம் தனியாக இல்லாத ஹப்பில் செருகியிருந்தால் அதையும் விலக்குங்கள். ஒரு யூஎஸ்பி 2.0 சாக்கெட் தருவது 500 மில்லியாம்பியர்தான். கீபோர்டு, மவுஸ், சார்ஜ் ஆகும் கன்ட்ரோலர் எல்லாம் அதைப் பங்குபோட்டால் ஒன்று விழத்தான் செய்யும்.

நண்பர் வீட்டிலும் அதே மாதிரி கட் ஆனால் கன்ட்ரோலர்தான் பழுது. பில் இருக்கிறதா என்று பாருங்கள், வாரன்டி நாள் தாண்டுவதற்குள் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த நேரத்தில் அறுகிறது என்று எழுதிய தாளையும் கூடவே எடுத்துப்போங்கள். கவுன்டரில் இருப்பவர் ஐந்து நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டு 'நல்லாத்தான இருக்கு' என்று திருப்பித் தரும்போது அந்தத் தாள் உதவும்.